எட்டாம் வீட்டுச் செவ்வாய்

சர்க்கரை ஆலையின் மூன்று மணிச் சங்கு ஊதி ஓய்ந்தபோது, ஷலேஷ்னிக்கும் ஒரு வாழைமரத்துக்கும் கல்யாண நாள் குறிக்கப் பண்டிட் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் வீட்டில். கட்டுகிறவனுக்கு ஆயுள் கெட்டியில்லை என்று இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவது ரோனீல். ஆலையில் வெல்டர், அவளே ஆசைப்பட்டவன். அவன் அம்மா வித்யாவதி வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வாழைமரத்தைக் கட்டிக்கொள்ளட்டும், மரத்தை வெட்டிச் சாய்த்தால் தோஷம் அதோடு போகும், பிறகு என் பையன் என்றாள். ஷலேஷ்னிக்குக் கசந்தது. ரோனீலுக்காகத் தலையாட்டியிருந்தாள்.

பிஜியின் லௌடோகா ஊரில் பாதி வீட்டு ஜாதகங்களை எழுதிய பழைய பண்டிட் போன புயல் காலத்தில் இறந்துவிட்டார். இவர் தலைநகர் சுவாவிலிருந்து வந்த புதியவர். மடிக்கணினியைத் திறந்து, பிறந்த நேரமும் ஊரும் கேட்டுத் தட்டினார். பழைய ஜாதகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி ஜாதகம்.

பழையவர் நேரத்தைச் சரியாக இந்திய நேரத்துக்கு மாற்றியிருக்கிறார் என்றார். ஆனால் கையில் இருந்தது காசிப் பஞ்சாங்கம். அந்த நேரத்தில் காசியின் கிழக்கே எழுந்த ராசியையே லக்னமாகப் போட்டுவிட்டார்.

"பொண்ணு பொறந்தது இங்க. இங்க பாத்தா லக்னம் மூணு வீடு தள்ளிடுது. செவ்வாய் அஞ்சுல இருக்கு. தோஷமே இல்ல."

குடிப்பதற்குக் கவா வேர்ப்பொடியைக் கரைத்துக்கொண்டிருந்த அப்பா ஹரிதத்தின் கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றது. நாள் குறிக்க வந்திருந்த வித்யாவதி செத்த பண்டிட்டை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு ஷலேஷ்னியின் கன்னத்தை வழித்தாள். இருந்தாலும் தன் பையன் ஜாதகத்துக்கு ஈடு வராது, பத்தாம் வீட்டுச் செவ்வாய், ராஜ யோகம் என்றாள்.

அதை எழுதினது யார் என்று ஷலேஷ்னி கேட்டாள். அதே பண்டிட்தான். பேசாதே என்று அப்பா கண்ணால் கெஞ்சினார்.

"அப்ப அதையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துடுங்க, பண்டிட்ஜி."

வித்யாவதி பெருமையோடு பிறந்த நேரத்தை ஒப்பித்தாள். பண்டிட் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுவும் மூணு வீடு தள்ளுது. ஏழுல செவ்வாய். பொண்டாட்டி வீடு. தோஷம் பையனுக்குத்தான்."

"அந்தப் பொட்டிய அணைச்சிட்டு மறுபடி போடுங்க," என்றாள் வித்யாவதி.

அவர் அணைத்துவிட்டுப் போட்டார். செவ்வாய் நகரவில்லை.

எத்தனையோ வீட்டுக் கூடங்களில் தலைகுனிந்து உட்கார்ந்தவர் ஹரிதத். இப்போது முதுகு நிமிர்ந்தது. கவா ஊற்றிய கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார். பெண் வீட்டிலும் நாலு பேரைக் கலந்து யோசிக்க வேண்டியிருக்கிறது என்று நிதானமாக ஆரம்பித்தார். வித்யாவதியின் முகம் சுண்டிப்போயிற்று. போன வாரம் இவள் வாழைமரம் தேர்ந்தெடுக்க வந்தபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஷலேஷ்னிக்குத் தோன்றியது.

அப்பா முடிப்பதற்குள் எழுந்தாள். டீயை வித்யாவதியின் கையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலியோரம், மஞ்சள் நூல் சுற்றிய வாழை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"மரம் தயாராத்தான் நிக்குது, மௌசி. உங்க பையன் முதல்ல அதுக்குக் குங்குமம் வெச்சிட்டு வரணுமா, இல்ல நேரா எனக்கே வெச்சிடட்டுமா?"