கிணற்றுமேட்டுத் தெரு குறைந்த வருடம்

கிணற்றுமேட்டுத் தெருவில் முதலில் எத்தனை வீடுகள் இருந்தன என்பது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. நாற்பத்தொன்று என்று நினைக்கிறேன். நாற்பத்துமூன்று என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் வாதிடுவதில்லை, எண்ணிப் பார்க்க இப்போது வழியில்லை. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். மதுரை அவனியாபுரத்தில் அந்தத் தெருவில், 2023 ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் காலையில் ஏழாம் எண் வீடு இல்லை. இடிந்து கிடக்கவில்லை. ஆறாம் எண் வீட்டுச் சுவரும் எட்டாம் எண் வீட்டுச் சுவரும் கட்டிய நாளிலிருந்தே அப்படி இருந்தவைபோல ஒட்டி நின்றன. இரண்டின் மேலும் ஒரே பாசி படர்ந்திருந்தது, ஒரே விரிசல் ஓடியது. வார்டு அலுவலகத்தில் வரிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறுக்கு அடுத்து எட்டுதான் எழுதியிருந்தது, அதே பழைய மசியில்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் முப்பதாம் எண் வீட்டு ஹாலாஸ்யம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விடியற்காலையில் வாசலிலிருந்து ஷேர் ஆட்டோ நிற்கும் முனை வரை எண்ணி நடக்கிறவர். இருநூற்று எண்பது அடி என்பது பதினோரு வருடக் கணக்கு. அன்றைக்கு இருநூற்று எழுபத்தொன்றில் முனை வந்துவிட்டது. திரும்பி வந்து மறுபடி நடந்தார். அதே கணக்கு. மனைவி வாலாம்பாள், சர்க்கரை ஏறியிருக்கும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுங்கள் என்றாள். அவர் படுக்கவில்லை. ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு போய் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றார், வெகுநேரம்.

ஏழாம் எண் வீடு ஜெயக்கொடியுடையது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பத்து மணிக்கு நாகஜோதி கூப்பிட்டபோது அவர் போனை எடுத்தார். கோயமுத்தூரில் இருப்பதாகச் சொன்னார். வீடு, பீரோ, மாடிப்படி, கொடியில் காய்ந்த வேட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன, கதவைத் திறந்தால் மட்டும் கோயமுத்தூர். “என்னமோ தெரியல நாகு, பைப்பத் தொறந்தா சிறுவாணித் தண்ணி வருது, கல்கண்டு மாதிரி இருக்கு,” என்றார். குரலில் பயம்கூட இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டபோது அவனியாபுரத்தின் பெயர் வர அவருக்குச் சற்று நேரமானது. ஒரு வாரம் கழித்து, “சொல்லுங்க கண்ணு, யாருங்க பேசறது? நாங்க இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருசமாச்சுங்களே,” என்றார். மதுரை அவர் நாக்கிலிருந்தே போயிருந்தது. நாகஜோதி போனைக் கீழே வைத்தாள்.

நாகஜோதி முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்காரி. அந்த வருடம் ஆவணியில், ஐந்து நடுத்தர ஊர்களை ஒப்பிட்டு அறிக்கை எழுதும் கம்பெனி ஒன்று கணக்கெடுக்க ஆள் எடுத்தது. மதுரை, கோவை, திருச்சி, சேலம், நெல்லை. எந்த ஊர் ஜனங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, எந்த ஊரை விட்டு அவர்கள் போகிறார்கள், எந்த ஊர் மறுபடி எழுந்திருக்கும் என்பது கேள்வி. கையில் டேப்லெட்டைக் கொடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் குடும்பத் தலைவரிடம் இருபத்துநான்கு கேள்வி கேட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் வாங்கி வரச் சொன்னார்கள். சொன்னதை மட்டும் பதிய வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததைப் பதியக்கூடாது என்று பயிற்சியில் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். அவள் அப்படியே செய்தாள்.

ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களிடம் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டு நன்றாக இருக்கிறோம் என்று பதில் வாங்கியவர் யாரும் இல்லை. கண்ணு பட்டுவிடும். அதுவும் மிஷினில் பதிந்து, முகம் தெரியாத ஐந்து ஊர்க்காரர்கள் பார்க்கப் போகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம். மாவு மில் வைத்திருந்த சின்னத்தாய், மூன்று மிஷினும் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்தி, “என்னத்தச் சொல்ல? கரண்டும் இல்ல, ஆளும் இல்ல. ஒன்னுன்னு போடு. அதுக்குக் கீழ இருந்தா அதப் போடு,” என்றாள். புதிதாக மாடி எழுப்பியவர்கள் மாடியை மறைத்துக்கொண்டு நின்று, ஏதோ இருக்கோம் என்றார்கள். ஜெயக்கொடி இரண்டு பிள்ளைகளையும் நல்ல வேலையில் சேர்த்துவிட்டு, இந்த ஊரில் என்ன இருக்கிறது, கோயமுத்தூரைப் பார் என்றார். ஹாலாஸ்யம் ஒருவர்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு மூன்று, சாலைக்கு இரண்டு, பஸ்ஸுக்கு நான்கு என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

வியாழக்கிழமைக்கு ஒரு வீடாகப் போயிற்று. எண் வரிசைப்படி, இரண்டு நட்சத்திரத்துக்குக் கீழே வாங்கிய வீடுகள் மட்டும். ஏழுக்கு அடுத்து ஒன்பது, ஒன்பதுக்கு அடுத்து பன்னிரண்டு. பன்னிரண்டாம் எண் வீட்டோடு ஜல்லிக்கட்டுக் காளையும் போயிற்று. கோயமுத்தூரில் அபார்ட்மெண்ட் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் அது கட்டியிருப்பதாகவும், மாடு வளர்க்க அனுமதி இல்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகவும் தகவல் வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அருள்பாண்டி தெருப் பையன் ஒருவனிடம், “மாப்ள, இன்னும் ரெண்டு மாசம் போனா உங்க தெருவுல ஏறுன எடத்துலயே எறங்கிக்கிறலாம்டா,” என்று சிரித்தான். முதல் மாதம் மற்றவர்களும் சிரித்தார்கள். கார்த்திகைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தன் வீட்டு வியாழன் வருமுன்பே சின்னத்தாய் திருமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பதுங்கினாள். வியாழன் காலையில் அவள் போட்டிருந்த பாயில் வெயில்தான் விழுந்திருந்தது. மதியம் கோயமுத்தூரிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, பொங்கலுக்காவது இந்தப் பக்கம் வரக்கூடாதா என்று கேட்டாளாம்.

நாகஜோதியும் ஹாலாஸ்யமும் உட்கார்ந்து போன வீடுகளையும் அவை சொன்ன பதில்களையும் பொருத்திப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் நாகஜோதி தன் வீட்டுப் பதிலைத் தேடி எடுத்தாள். முப்பத்தொன்றாம் எண் வீட்டின் குடும்பத் தலைவர் அவள் புருஷன் முத்துக்குமரன். கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை. எதை எடுத்தாலும் கோயமுத்தூர்ல இப்படியா என்று தொடங்குவான். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி இரண்டு தடவை அங்கே வேலைக்கு நேர்முகமும் போய்வந்தவன். ஆவணியில் அடுப்படியில் நின்று அவள் விளையாட்டாகக் கேள்விகளைக் கேட்டபோது, இருபத்துநான்குக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே பதிந்தாள். அவன் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கம்பெனிக்குப் போன் செய்து கெஞ்சினாள். “போன டேட்டா போனதுதான்க்கா,” என்றார்கள்.

அவள் பயந்தது கோயமுத்தூருக்கு இல்லை. அது நல்ல ஊர் என்று அவளுக்கும் தெரியும். அவனியாபுரம் கண்மாய்க் கரையில், ஒரு புங்கங்கன்றின் அடியில், அவர்களுடைய பிள்ளை கிடந்தது. ஸ்ரீஜா என்று பெயர் வைத்துப் பதினோரு நாள் கூப்பிட்டார்கள். நாற்பத்தோராம் நாள் மூச்சு நின்றுவிட்டது. போட்டோ எடுத்தால் ஆகாது என்று எடுக்கவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்று சொல்ல உலகத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், இருவரும் முப்பத்தொன்றாம் எண் வீட்டில் இருந்தார்கள். போனவர்கள் எல்லோரும் ஒரு வாரத்தில் மறந்தார்கள்.

மார்கழி முழுவதும் அவள் வியாழன்களை எண்ணினாள். இருபத்தெட்டாம் எண் வீடு பொங்கலுக்கு முந்தைய வியாழன் போயிற்று. இருபத்தொன்பதில் இருந்த கிழவர் எல்லாவற்றுக்கும் மூன்று சொல்லியிருந்தார். முப்பது ஹாலாஸ்யம். அடுத்தது அவர்கள்தான். அந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. கணக்கெடுத்தவர்களின் சொந்த வீடுகளை மட்டும் வேறு ஆள் வந்து மறுபடி கேட்பார், அந்தப் பதில் பழையதை அழித்துவிடும்.

“அஞ்சு சொல்லு. வாய்க்கு வந்தபடி அஞ்சு சொல்லு,” என்று மூன்று நாள் அவனிடம் மன்றாடினாள்.

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஊரே பொய்தான சொல்லுச்சு?”

“நான் சொல்லல. எனக்கு இங்க இருக்க முடியல. வேலைக்குப் போறப்பயும் அந்தக் கர, வாரப்பயும் அந்தக் கர. எம்புட்டு நாளைக்குப் பாக்குறது?”

“அங்க போனா பாக்க வேணாம். பேரும் தெரியாது. அப்படி ஒருத்தி இருந்தான்னே நமக்குத் தெரியாது. அதானே ஒனக்கு வேணும்?”

அவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

காணும் பொங்கல் அன்று மதியம் மறுகணக்குக்கு ஜெயந்த் என்பவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கோயமுத்தூர்க்காரன். “கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?” என்று அவன் கேட்டதும் நாகஜோதி ஓரடி பின்னால் நகர்ந்தாள். தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முத்துக்குமரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“குடிநீருக்கு எத்தனைங்கண்ணா?”

“ஒன்னு.”

“ரோட்டுக்குங்க?”

“ஒன்னு.”

இருபத்துநான்கு கேள்விக்கும் அதுவே பதில். நாகஜோதி அழவில்லை. உதட்டுக்குள் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே போய்விட்டதா என்று சோதிப்பவள்போல.

“கடைசிக் கேள்விங்க, மறுகணக்குக்குன்னு புதுசா சேத்தது. வாய்ப்புக் கிடைச்சா இந்த ஊரை விட்டுப் போவீங்களா? ஆமா, இல்ல, ரெண்டுதானுங்க.”

தெருவில் யாரோ அவிழ்த்துவிட்ட மாட்டின் சலங்கைச் சத்தம் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் அடங்கியது. தெரு குறைந்திருந்ததால் சீக்கிரமே அடங்கியது. ஜெயந்த் கேள்வியைத் திரும்பக் கேட்க வாயெடுத்து, முத்துக்குமரன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“எம் பிள்ள இங்கன கெடக்கு,” என்றான் முத்துக்குமரன். “எங்கிட்டுப் போக?”

“அப்ப இல்லைன்னு போட்டுக்கட்டுங்களா?”

“வேல அங்கதான் இருக்கு. கொஞ்சம் மூச்சு விடணும்.”

“அப்ப ஆமாங்களா?”

“ரெண்டையும் போடு.”

“ரெண்டு போட்டா மிஷின் எடுக்காதுங்கண்ணா.”

“எடுக்காட்டி கெடக்கட்டும். எம் பதில் அதான்.”

ஜெயந்த் இரண்டு கட்டத்தையும் மாறி மாறித் தொட்டான். எப்படியோ இரண்டும் பச்சையாயின. அனுப்பு என்பதை அழுத்தியதும் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. அவன் தண்ணீரைக் குடித்து முடித்தபோதும், செருப்பை மாட்டிக்கொண்டபோதும், ஆட்டோ ஏறியபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் சுற்றுகிறது என்று சொல்கிறார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை, முப்பத்தொன்றாம் எண் வீடு பாதி போயிற்று. முன் வாசலைத் திறந்தால் கோயமுத்தூர், எதிரே பேக்கரி, பன் வேகும் வாசனை. கொல்லைக் கதவைத் திறந்தால் அவனியாபுரத்துச் சந்து, துவைக்கிற கல், பப்பாளி மரம், தூரத்தில் கண்மாய்க் கரை. கிணற்றுமேட்டுத் தெருவிலிருந்து பார்த்தால் முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு சந்துதான். சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனால் வீடு இருக்கிறது.

அந்த வட்டம் நிற்காததாலோ என்னமோ, அதற்குப் பிறகு எந்த வீடும் போகவில்லை. அறிக்கை வந்தது. மதுரைக்கு ஐந்தில் மூன்றாம் இடம், எழுந்து வருகிற ஊர் என்று ஒரு பத்தி. அந்த வருடமே தெருவுக்குச் சிமெண்டுக் கல் பதித்தார்கள், மிச்சமிருந்த வீடுகளுக்குத் தகுந்த அளவு. ஹாலாஸ்யம் நூற்று எழுபத்திரண்டு அடியில் முனைக்குப் போய்விடுகிறார். நடை போதவில்லை என்று இருதரம் நடக்கிறார். வாலாம்பாளும் இப்போது கூட நடந்து எண்ணுகிறாள். சின்னத்தாய் கோயமுத்தூரில் ஐந்து மிஷின் போட்டிருக்கிறாள். யாராவது கேட்டால் ஏதோ ஓடுதுங்க என்கிறாளாம், அதனால் அந்தத் தெருக்காரர்களுக்கு என்ன ஆகுமோ தெரியாது. ஜெயக்கொடி சாகும்போது மதுரைக்குத் தான் வந்ததே இல்லை என்று சொன்னார். பன்னிரண்டாம் எண் காளையை ஒரு தோட்டக்காரர் வாங்கிப் போனார். ஜெயந்த் அந்த வேலையை விட்டு மதுரைக்கே வந்து, மாட்டுத்தாவணிப் பக்கம் குடியிருக்கிறான். அருள்பாண்டிக்கு அந்தத் தெருவில் சவாரி குறைவு.

முத்துக்குமரன் கோயமுத்தூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்க்கிறான். காலையில் முன் வாசலால் போய் மாலையில் முன் வாசலால் வருகிறான். நாகஜோதி அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவள் கொல்லைப்புறமாக நடமாடுகிறாள், வெள்ளிக்கிழமைகளில் புங்க மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். தினமும் அவன் வந்து கதவைத் தட்டும்போது, திறந்து, வழியை மறித்து நின்றுகொண்டு, “பேரு?” என்று கேட்கிறாள். “ஸ்ரீஜாங்க,” என்கிறான் அவன். நடு அறை தாண்டியதும் அந்த ‘ங்க’ போய்விடும்.

போன பங்குனியில் ஒரு நாள் பதில் வரத் தாமதமானது. அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. பேக்கரி விளக்கு எரிந்தது, இரண்டு பஸ்கள் கடந்து போயின. அவள் நிலையை விடாமல் நின்றாள், பெயரை எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு அவன் சொன்னான். அவள் வழிவிட்டு, சோறு போடப் போனாள்.