வாழைப்பழப் பெட்டி

எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். எந்திரப் பொறியியல். அந்தப் பட்டம் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது, வருகிற ஆட்களுக்கெல்லாம் அப்பா காட்டுவார். ஆனால் கார் விஷயத்தில் பேனாட் சொன்னால்தான் கேட்பார்.

பேனாட், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் ரெலிபோன் கடை வைத்திருக்கிறான். இடைக்கிடை பழைய கார்களும் விற்பான். கார்த்திகையில், நாலு சில்லும் இழுக்கிற கார் ஒன்றை அப்பாவின் தலையில் கட்டிவிட்டு, "அண்ணை, ஐஸிலை இது கல்லு மாதிரி நிக்கும்" என்றான். நான் குளிர்கால ரயர் மாத்தச் சொன்னேன். "நாலு சில்லு இருக்க ஏன் ரயர்?" என்றார் அப்பா.

தையில் ஒரு விடியல். இரவு பெய்த மழை உறைந்து, நாங்கள் இருக்கிற கார்ஜ் முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. பஸ் இல்லை, ரெயில் இல்லை. அம்மாவுக்கு லா ஷப்பல் சீலைக் கடையில் வேலை. கடைத் திறப்பு அவரிடம்தான், அவர் போனால்தான் கதவு திறக்கும்.

"எங்களிட்டை நாலு சில்லு இருக்கு, ஏறும்" என்று அப்பா அம்மாவைக் கூப்பிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அப்பா, நாலு சில்லும் இழுக்கிறது வெளிக்கிடத்தான் உதவும், நிக்கிறதுக்கில்லை. எல்லாக் காருக்கும் நாலு சில்லிலையும்தான் பிரேக் இருக்கு!"

"பேனாட் சொன்னவன்..."

"பேனாட் ரெலிபோன் விக்கிறவன்!"

"நீ பேப்பரிலை படிச்சனீ, பிள்ளை."

"அந்தப் பேப்பரைத்தானே சுவரிலை கொழுவி வைச்சிருக்கிறியள்?"

"காருக்குள்ளை இருந்து சண்டை பிடியுங்கோ, எனக்கு நேரம் போகுது" என்று அம்மா பின்னுக்கு ஏறிச் செபமாலையை எடுத்தார். யாரும் கூப்பிடாமலே நான் முன்னுக்கு ஏறினேன்.

பக்கத்து வீட்டுக் கார்கள் சில்லுச் சுழன்றபடி நின்ற இடத்திலேயே நிற்க, எங்களுடையது சும்மா வெளிக்கிட்டது. "பாத்தியே?" என்றார் அப்பா. எனக்குப் பயமே அதில்தான். இழுவை நல்லாயிருந்தால் றோட்டு வழுக்குவது தெரியாது. பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும். பின்னுக்கு அம்மா இருந்தார்.

சுப்பர்மார்க்கெட் கார்த் தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது.

"இதுக்குள்ளை விடுங்கோ. அம்மா இறங்கட்டும். ஒருக்கா பிரேக் அடிச்சுக் காட்டுங்கோ. கார் நிண்டால் நான் இனி வாயே திறக்கமாட்டன்."

என் வாய் மூடும் என்ற ஆசையில் அப்பா உடனே திருப்பினார்.

டிக்கியில் கிடந்த வெறும் வாழைப்பழப் பெட்டியை, வெள்ளைக் கோட்டிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வந்து ஏறினேன். அம்மா ஓரமாக நின்றார்.

"முப்பதிலை வந்து கோட்டிலை மிதியுங்கோ."

மிதித்தார். அவர் காலடியில் பிரேக் கடகடவென்று அதிர்ந்தது. கார் கணக்கெடுக்கவேயில்லை. பெட்டி எங்களுக்கு அடியில் சப்பளிந்தது. அதையும் தாண்டி இருபது மீட்டர் போய்த்தான் நின்றது.

அப்பா இறங்கிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு தூரத்தில் செபமாலையோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். அவருக்குத் தானே கதவைத் திறந்து ஏற்றினார்.

பெரிய றோட்டில் உப்புப் போட்டிருந்தார்கள். அப்படியும் அப்பா ஊர்ந்துதான் ஓட்டினார். முன்னுக்குப் போகிற காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு லொறி புகலாம். பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். "அடிக்கட்டும்" என்றார். அரை மணித்தியாலப் பயணத்துக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

லா ஷப்பலில் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே உப்பும் இல்லை, வெயிலும் இல்லை. கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, ரெலிபோனைப் பார்த்தபடி ஒருவன் றோட்டில் இறங்கினான். பேனாட்!

அப்பா மெல்ல மிதித்தார். கார் கொஞ்சம் வழுக்கியது, இன்னும் கொஞ்சம் வழுக்கியது, பேனாட்டின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தேத்தண்ணி அவன் சேட்டில்.

"பாத்தியளே அண்ணை!" அந்த நிலையிலும் இளித்தான். "கல்லு மாதிரி நிண்டிட்டுது!"

அப்பா கண்ணாடியை இறக்கினார். "டேய், ஆமை மாதிரி வந்தபடியாலை நிண்டது. என்ரை மகள் சொன்னவள். இல்லாட்டி நீ இப்ப வாழைப்பழப் பெட்டி."

பேனாட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னுக்கிருந்து அம்மா வெடித்துச் சிரித்தார். அவனைத் திட்ட வாய் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது. எல்லாரும் முழுசாக இருந்தோம்.

அம்மா இறங்கிக் கடையைத் திறக்கப் போனார்.

"பிள்ளை," அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார், "அந்தக் குளிர்கால ரயர்... அது ஐஸிலை நிக்குமோ?"

"இதைவிடக் கொஞ்சம் முன்னமே நிக்கும். கல்லு மாதிரி நிக்காது."

"சரி, சரி" என்றார். "நாளைக்கே போடுவம்."