பதினோராம் கட்டிலின் மஞ்சள் கயிறு

வெயில் சன்னல் வழியே உள்ளே வருகிறது. ஒவ்வொரு கட்டிலாக நகர்கிறது. எங்கள் வார்டில் தானாக நகர்வது அது ஒன்றுதான்.

பதினான்கு கட்டில்கள், பதினான்கு பேர். கண்கள் திறந்திருக்கும், பார்க்காது. தினமும் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிறகு கேஸ் ஷீட்டில் எழுதுவேன்: பதில் இல்லை. ஒன்பது வருடமாக அதே இரண்டு சொற்கள். இதற்காகவா அத்தனை வருடம் மருத்துவம் படித்தேன்.

பதினோராம் கட்டில் தையல்நாயகி. மூளைக்காய்ச்சலில் விழுந்தவள். கணவர் கோவிந்தராசு ஞாயிறுதோறும் வருவார். ஆடிப்பெருக்குக்கு ஒரு புது மஞ்சள் கயிறும் கொண்டுவருவார். எமல்டா சிஸ்டர் அவள் தாலியை அதில் கோத்துக் கட்டிவிடுவார். சிஸ்டர் கழுத்தில் ஜெபமாலை. இருந்தும் மூன்று முடிச்சுக்குக் குறையாது.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஞாயிறு. கோவிந்தராசுவின் தம்பி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "அண்ணன் தவறிட்டாருங்க" என்றார். உடனே திரும்பிப் போய்விட்டார்.

அந்த ஆடியிலும் புதுக் கயிறு. அடுத்தடுத்த ஆடிகளிலும். சிஸ்டரே வாங்கிவந்தார். "அத எடுக்க எனக்குக் கை வரல டாக்டர்." நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

பிறகு ஒரு புது மாத்திரை வந்தது. முதலில் ஒருவருக்கு மட்டும். பொடித்து, குழாய் வழியே. பத்தாம் நாள் தையல்நாயகியின் கண்கள் என் விரலைத் தொடர்ந்தன. பதினைந்தாம் நாள் தண்ணீர் கேட்டாள். நானே ஸ்பூனில் புகட்டினேன்.

ஆனால் மருந்தின் பிடி சீக்கிரமே தளர்ந்தது. ஒருநாள் ஆறு மணி நேரம் விழித்திருந்தாள். மறுநாள் நான்கு. மிஞ்சினால் ஒரு வாரம். அப்புறம் பழையபடி.

விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் விரல்கள் கழுத்துக் கயிற்றிலேயே இருந்தன.

"ஒரு வாரந்தான டாக்டர். சொல்லாம விட்டுடுவோம்," என்றார் சிஸ்டர். "ஞாயித்துக்கெழம வருவாருன்னு நெனச்சுக்கிட்டே தூங்கட்டும்."

எனக்கும் அதுதான் வசதி. ஆனால் பொய்யோடு அனுப்பிவைக்க மனம் ஒப்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தையல்நாயகி, உங்க வீட்டுக்காரர்..."

"தெரியும்," என்றாள். "கொழுந்தனாரு வந்து சொன்னாருல்ல. கேட்டுச்சு."

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"முடிச்ச அவுக்கத்தான் பாக்குறேன். வெரல்ல பெலமில்ல."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"அன்னிக்கே கத்தி அழணும்னு இருந்துச்சு டாக்டரம்மா. வாய் வரல. மறுநா காலைல நீங்க வந்தீங்க, பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க. என்னமோ எழுதிட்டுப் போயிட்டீங்க."

என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

"ஆஸ்பத்திரியாச்சே," என்றாள். "சத்தம் போட்டு அழலாமா?"

"அழுங்கம்மா."

அழுதாள். மூன்று வருடம் தொண்டையிலேயே நின்ற அழுகை. நான் எழுந்து நின்று வார்டைப் பார்த்தேன்.

மற்ற பதிமூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.