உள்பக்கத் தேய்மானம்

சுமலதா காருக்கு உறை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவள் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு அழைப்பு எதற்கு?

எட்டு மாதமாக அந்தக் கார் எங்கள் லேஅவுட்டில் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் கணவன் தினேஷ்குமார் ஷிஃப்ட் முடிந்து வந்து, வண்டியை நிறுத்தி, இறங்காமலே போய்ச் சேர்ந்தவன். அன்று போட்ட உறையை இன்று காலைதான் அவிழ்த்தோம். சாவி ஊத்தங்கரையில் கொழுந்தன் குருமூர்த்தியிடம். ஞாயிற்றுக்கிழமை வந்து காரை அங்கேயே கொண்டுபோகப் போகிறான். இவளுக்குப் பிடிக்கவில்லை, வாய் திறந்து சொல்லவும் இல்லை.

மாதப்பன் கடையில் புது உறை கேட்டால் பழையதைக் கொண்டுவரச் சொல்வார். அதைப் பார்த்தே வண்டியின் நடப்பைச் சொல்லிவிடுவாராம். ஜாதகம் பார்க்கிற முகம் வேறு.

“எந்த ஊர்லம்மா நிக்கும்?”

“ஊத்தங்கரைங்கண்ணா.”

“அங்க வெயிலு. வெள்ளி பூசுனது எடுத்துக்க. ஓசூர்னா அது ஆகாது. பனியும் தூறலும் உள்ளயே நின்னு பெயிண்ட் பொங்கிடும். இங்க காத்து போற துணிதான்.”

பழைய உறையை விரித்தார். “மேல வெளுத்தது வெயிலு. இது ஃபவுண்டரி தூசி. இது பூனை நகம்.” உள்பக்கம் திருப்பியவர் நிறுத்தினார். டிரைவர் கதவின் விளிம்பு படும் இடத்தில் நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

“உறையை எடுக்காமயே கதவைத் தெறக்கறீங்களா? உள்ள இருந்து தள்ளித் தள்ளித்தான் இப்படித் தேயும்.”

“சாவியே இங்க இல்லியேண்ணா,” என்றேன்.

அவள் வீட்டுக்கு எவன் வந்து போகிறான் என்று பார்க்க எட்டு மாதமாக மாடி ஜன்னலில் நிற்பவள் நான். ஒருவனும் வரவில்லை. ஆனால் தினமும் மாலை ஐந்தேகாலுக்கு, தினேஷ்குமார் ஷிஃப்ட் முடிந்து வரும் அதே நேரத்தில், உறை ஒரு பக்கம் புடைக்கும். காற்று என்றுதான் நினைத்தேன். கொடியில் துணி ஆடாத நாளிலும் அப்படித்தான் நினைத்தேன்.

சுமலதா தேய்ந்த இடத்தை விரலால் தடவினாள். அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்தேன். அழவில்லை.

“காத்து போற துணியே குடுங்கண்ணா.”

“ஊத்தங்கரைன்னியே?”

“இல்லீங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். குருமூர்த்திகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

“சரி. டிரைவர் பக்கம் ஜிப் வெச்சது ஒண்ணு இருக்குது. தினமும் எடுக்கறவங்க வாங்குவாங்க. உனக்கு எதுக்கு?”

“அதுதான் வேணும்.” கொஞ்சம் யோசித்தாள். “உள்ள இருந்தும் தெறக்க வருமாண்ணா?”

மாதப்பன் என்னைப் பார்த்தார். எடுத்து வைத்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டேன்.

“ரெண்டு பக்கமும் இழுக்கற ரன்னர் மாட்டித் தரேன்,” என்றார், மெதுவாக.

மத்தியானமே புது உறையைப் போட்டு முடித்தோம். ஐந்து மணிக்கு நான் மாடி ஜன்னலைச் சாத்தினேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சாத்தியதே இல்லை.

ஐந்தேகாலுக்கு ஜிப் இழுபடும் சத்தம் அப்படியும் கேட்டது.