ஐம்பது தப்படி

கச்சேரி ரோட்டில் மெத்தைக்கடை வைத்திருந்த அப்துல் வஹீதுக்கு வில் வாங்கும் யோசனை வந்ததே மாமனார் மேல் இருந்த ஆத்திரத்தில்தான். வேட்டை ஆசை, வீரம், அது இது என்று பிற்பாடு நாலு பேரிடம் அவன் அளந்ததெல்லாம் சும்மா.

மாமனார் வலியுல்லா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஆதம்பாக்கத்தில் குடியிருந்தார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லத் தெரியாத மனிதர். கறி விஷயத்தில் மட்டும் பிடித்தால் பிடித்ததுதான். ஒரு தடவை கடையில் வாங்கின கறி, நோயில் செத்த ஆட்டினுடையது என்று தின்ற பிறகு தெரிய வந்தது. அன்றிலிருந்து தன் கையால் அறுத்ததைத் தவிர வேறு கறியை அவர் தொடுவதில்லை. கல்யாண வீட்டில் அத்தனை பேரும் பிரியாணியை வளைத்துக் கட்டும்போது இவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து வெறும் சோற்றில் தயிரை ஊற்றிக்கொள்வார்.

அது அவர் இஷ்டம், யார் கேட்டது? ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலும் அதையே செய்தால் மருமகனுக்கு எப்படி இருக்கும்? எட்டு வருஷமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் வஹீதின் மனைவி வஜீஹா விடிகாலையிலேயே எழுந்து மசாலா அரைப்பாள். "அத்தா, இவரு பக்கத்துலயே நின்னு அறுக்கச் சொல்லி வாங்கியாந்தது அத்தா" என்று கெஞ்சுவாள். "சந்தோஷம்மா. எனக்குத் தயிர் இருந்தா போதும்" என்பார் அவர், சிரித்துக்கொண்டே. வஹீதுக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரு கவளம் கறிக்குக்கூட என் வார்த்தை பெறாதா என்று அன்று முழுக்கப் புழுங்குவான். வஜீஹா அப்பாவின் மேல் எரிந்து விழுவாள்.

ஒரு கோழியை அவனே அறுத்துவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். அங்கேதான் இடித்தது. வஹீத் ஆள் பார்க்கத் தூண் மாதிரி இருப்பானே தவிர, கத்தியை எடுத்து ஒரு உயிரின் கழுத்தில் வைத்தால் கை வெலவெலத்துப் போகும். இரண்டு தடவை முயன்று பார்த்து, கோழி பறந்து ஓட, தெருவே சிரித்தது. மாமனாருக்கும் அது தெரியும்.

எழுபதாம் வருஷ நோன்புப் பெருநாளன்று கனகராஜ் வந்திருந்தான். லாரி டிரைவர். லாரி சீட்டுக்குப் பஞ்சு அடைக்க வந்து சிநேகிதம் ஆனவன். சின்ன வயசில் துரைமார்களோடு வேட்டைக்குப் போனவன், அந்தக் கதை ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அம்பால் மான் அடித்த கதையை அவன் சொல்லி முடித்ததும், சோற்றில் தயிர் பிசைந்துகொண்டிருந்த வலியுல்லா தலையைத் தூக்கினார்.

"அம்பால அடிச்ச மான் கறி நமக்கு ஹலால் ஆகும் மாப்ளே, தெரியுமா? முனை கூரா இருக்கணும், குத்திக் கிழிச்சு ரத்தம் வரணும். மொட்டையா மோதிச் செத்தா ஆகாது. விடற நேரத்துல அல்லா பேரைச் சொல்லி விடணும். உசுரோட சிக்கிச்சுன்னா அறுத்துடணும். தண்ணியில விழுந்து செத்துக் கெடந்தா மட்டும் தொடவே கூடாது. அம்பு கொன்னுச்சா தண்ணி கொன்னுச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"நான் அப்படிக் கொண்டாந்தா தின்னுவீங்களா மாமா?" என்றான் வஹீத், குத்தலாக.

"தின்னுவேன். வயிறு நெறைய."

"நான் சொல்றதை நம்பி?"

"காட்டுல சாட்சிக்கு யாரு கீறா? வேட்டைக்காரன் வார்த்தைதானே சாட்சி. கடைக்காரன் பண்ணதுக்கு நீ எப்படி மாப்ளே பொறுப்பாவ? நீ பண்ணதுக்கு நீ சொன்னா நம்பாம?"

அவ்வளவுதான். வஹீதுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறு வாரமே கனகராஜை இழுத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்குப் போனான். மூங்கில் வில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. கனகராஜ் அதை வளைத்துப் பார்த்து, "மழைக்காலத்துல நமுத்துப் போவும், உடு" என்றான். யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன இரும்பு வில் ஒன்று மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. வஹீத் அதைத்தான் எடுத்தான். நாணை இழுக்க நாற்பத்தைந்து ராத்தல் பலம் வேண்டும். பதினைந்து வருஷம் பஞ்சு கொட்டும் வில்லோடு மல்லுக்கட்டின தோளுக்கு அது பெரிய காரியமில்லை. பிரம்பில் அம்பு. பழகுவதற்கு மொட்டை முனை, வேட்டைக்கு அகலமான இரும்பு முனை. கை மயிரை மழிக்கிற அளவுக்கு அதைத் தீட்டி வைக்க வேண்டும் என்றான் கனகராஜ்.

கழிவுப் பஞ்சை இறுக்கி அடைத்து ஒரு மெத்தை தைத்து மொட்டை மாடியில் சாத்தினான். தினம் காலையில் நாற்பது அம்பு. முதல் மாதம் ஓர் அம்பு கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த மாடியில் போய் விழுந்தது. "ஏன்டாப்பா வஹீத், மானுக்கு விட்ட அம்பு என் வடாத்துலன்னா வந்து நிக்கறது!" என்று ஜானகி மாமி அதைத் திருப்பிக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் பதினைந்து தப்படியில் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தது. வருஷ முடிவில் இருபத்தைந்து தப்படி. மாடி அதற்கு மேல் நீளமில்லை.

"அத்தோட நிறுத்திக்க நைனா" என்றான் கனகராஜ். "மான் இருபத்தஞ்சுக்கு மேல நின்னா கும்புடு போட்டு அனுப்பிடு. பக்கவாட்டுல நிக்கணும், முன்னங்காலுக்குப் பின்னால அடிக்கணும். வயித்துல பட்டா பாவம், அது நாள் பூரா செத்துக்கினு கெடக்கும்."

"தெரியும்பா" என்றான் வஹீத்.

எழுபத்திரண்டு ஜனவரியில், பக்ரீத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கனகராஜ் எங்கேயோ சொல்லிப் பர்மிட் வாங்கினான். ஒரு வியாழக்கிழமை விடியும்போது இருவரும் ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு முள்ளுக்காட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு மாமனார் சாப்பிட வருகிறார். வஹீத்தான் முந்திக்கொண்டு அழைத்திருந்தான். மான் இன்னும் காட்டில் மேய்ந்துகொண்டிருக்க, இவன் வீட்டில் பந்திக்கு நாள் குறித்தாகிவிட்டது!

மான் வந்தது. நல்ல கொம்புள்ள புள்ளிமான். ஆனால் ஐம்பது தப்படிக்கு அப்பால் நின்றது. கனகராஜ் கையை ஆட்டினான், வேண்டாம் என்று. வஹீத் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது மானே இல்லை, மாமனாரின் தயிர்ச்சோற்றுத் தட்டு. பிஸ்மில்லா என்று சொல்லித்தான் விட்டான், அதில் குறையில்லை. அம்பு பின்னால் தள்ளி வயிற்றில் போய்ச் செருகியது. மான் முதுகை வளைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. ஆட்டுக்குட்டி சத்தம் மாதிரிதான் இருந்தது.

"சொன்னேனே பாய்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் கனகராஜ். "வயித்துல பட்டா தாகம் எடுக்கும். தண்ணியைத் தேடித்தான் போவும்."

அப்படியே ஆயிற்று. அரை மணி நேரம் பொறுத்து, ரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். எங்கே எல்லாம் அது படுத்து எழுந்திருந்ததோ அங்கே எல்லாம் புல் நசுங்கி ரத்தமும் சாணமுமாகக் கிடந்தது. மூன்று இடம். மூன்றாவது இடத்தில் வஹீதுக்கு வாந்தி வந்தது. உச்சி வேளைக்கு ஏரிக்கரைக்கு வந்தார்கள். கரையிலிருந்து நாலு அடி தள்ளி, தலை தண்ணீருக்குள் இருக்க, மான் கிடந்தது. கண் திறந்திருந்தது. உயிர் இல்லை.

வஹீத் இறங்கி அதைக் கரைக்கு இழுத்தான். கத்தியை எடுத்தான். உரக்க அல்லாவின் பேரைச் சொல்லிக் கழுத்தை அறுத்தான். அன்றைக்குக் கை நடுங்கவே இல்லை. கோழிக்கு நடுங்கின கை, செத்த மானுக்கு நடுங்குமா? ரத்தம் பீச்சவில்லை, கறுப்பாகக் கொஞ்சம் கசிந்தது.

"அது எப்பவோ செத்துப்போச்சு பாய்" என்றான் கனகராஜ். "தண்ணியில செத்தா உங்களுக்கு ஆவாதுன்னு உங்க மாமா சொன்னாரே?"

"நீ சும்மா இரு."

கனகராஜ் சும்மா இருந்தான். ஒரு தொடை தரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமை வலியுல்லா சலவைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக வந்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம். உட்கார்ந்ததும் வஹீதின் முகத்தைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லி விட்டியா மாப்ளே?"

"சொன்னேன் மாமா."

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நானே அறுத்தேன்."

"தண்ணி கிண்ணி ஒண்ணுமில்லையே?"

"இல்ல மாமா."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. வஜீஹா பரிமாறினாள். கிழவர் முதல் கவளத்தை வாயில் போட்டார். கதவோரம் நின்ற வஜீஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இன்னும் வெய்ம்மா" என்று அவரே தட்டை நீட்டினார். பிள்ளைகள் இரண்டும் நான் முந்தி நீ முந்தி என்று தின்றன. வஹீதும் தின்றான். தின்னாமல் இருந்தால் கேட்பார்களே! மென்று மென்று பார்த்தான், விழுங்கப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பஸ் ஏற்றிவிட வஹீத் கூடவே நடந்தான். நிறுத்தத்தில் நின்றபோது வலியுல்லா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சுக்க மாப்ளே. எட்டு வருஷம் உன் வூட்டுக் கறியைத் தொடாம உன்னை நோவடிச்சுட்டேன். எனக்கும் இப்பல்லாம் கை நடுங்குது. இந்த பக்ரீத்துக்கு எங்க வூட்டு ஆட்டை நீதான் அறுக்கணும். இனிமே எங்க வூட்டு அறுப்பு உன் பொறுப்பு."

திட்டியிருந்தால் வஹீத் தாங்கியிருப்பான். மன்னிப்புக் கேட்கிறாரே இந்த மனுஷன்!

"மாமா, மான் ஏரித் தண்ணியிலதான் கெடந்துச்சு" என்றான். "செத்துத்தான் கெடந்துச்சு."

வலியுல்லா அவன் கையை விட்டார். சாக்கடை ஓரமாகப் போய்க் குந்தி, விரலைத் தொண்டைக்குள் விட்டார். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. "பெரியவருக்கு என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள். முதுகைத் தடவப் போன வஹீதின் கையை அவர் தள்ளிவிட்டார். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, மெல்லத்தான் பேசினார்.

"தெரியாம தின்னது எனக்குக் குத்தமில்ல. உன் பொஞ்சாதி புள்ளைங்களுக்கும் சேர்த்துத்தானே போட்ட?"

பஸ் வந்து நின்றது. ஏறப்போனவர் திரும்பினார்.

"நான் வஜீஹாகிட்ட சொல்ல மாட்டேன். உன் வாயால நீயே சொல்லு. சொல்ற வரைக்கும் நான் அந்த வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தான். "அத்தா இன்னா சொன்னாருங்க?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் வஜீஹா. அவள் முகத்தில் அப்படி ஒரு களை. கல்யாணத்தன்றுகூட அவன் பார்த்ததில்லை.

"கறி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாரு" என்றான். மிச்சக் கறியை மட்டும், வாடை வந்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுபோய்க் குழிதோண்டிப் புதைத்தான்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க வாரா வாரம் வருகிற வலியுல்லா அடுத்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஆதம்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். வஜீஹாவுக்குப் புரியவில்லை. இருந்து இருந்து யோசித்தாள். வஹீத் தினமும் சொல்ல வாயெடுப்பான், கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவான். வெட்கங்கெட்ட பிழைப்பு!

பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவன் சாப்பிட வந்தபோது, வஜீஹா புர்கா போட்டுக்கொண்டு கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள்.

"எங்கே?"

"அத்தாவைப் பார்க்க. நான்தாங்க அன்னிக்கு ஏதோ தப்பா செஞ்சுட்டேன். காரத்தை அள்ளிப் போட்டுட்டேனோ, சரியா கழுவலையோ, தெரியல. எட்டு வருஷம் கழிச்சு ஒரு தடவை கறி தின்னாரு, அதையும் கெடுத்துட்டேன். கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டு வரேன்."

இனி எங்கே ஓடுவது? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வஹீத் சொன்னான். ஐம்பது தப்படி, வயிறு, ஏரி, செத்த மானின் கழுத்தில் வைத்த கத்தி, பஸ் நிறுத்தத்தில் அவர் எடுத்த வாந்தி, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தான். தூக்கைக் கீழே வைக்கிற சத்தம்தான் கேட்டது.

"எட்டு வருஷமா நான் அத்தா மேலதாங்க கோவமா இருந்தேன்" என்றாள் வஜீஹா. "உங்களை நம்ப மாட்டேங்கறாரேன்னு."