வலி தொடங்கிய நாள்

முடிதிருத்துகிறவளுக்கு இரண்டு கைகளும் தலைக்கு மேலே எழ வேண்டும். என் இடது கை மார்போடு நின்றுவிடுகிறது.

ஜனவரியில் எனக்கு ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டவள் மார்லிஸ். ஊர் மருந்துக்கடையில் மருந்தாளர்; இங்கே தடுப்பூசி போடுவதும் அவர்கள்தான். பள்ளியிலிருந்தே என் தோழி. மினசோட்டாக் குளிரில் யாரும் நாலு அடுக்குத் துணியைக் கழற்றுவதில்லை. ஸ்வெட்டரின் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டுவோம். சிக்கலே அதில்தான். ஊசி இறங்க வேண்டிய தசை தோள் எலும்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கழுத்தை இழுத்தால் தெரிவதோ மேல்பகுதி. அங்கே குத்தினால் மருந்து மூட்டருகே உள்ள திரவப்பைக்குள் போகும். பை வீங்கும், தோள் இறுகும்.

இதற்கு நஷ்டஈடு உண்டு. ஒவ்வொரு தடுப்பூசிக்கும் வசூலாகும் சிறு வரி ஓர் அரசு நிதியில் சேர்கிறது. பணம் அதிலிருந்து வரும். ஊசி போட்டவர்மீது வழக்கு இல்லை, யார் தவறு என்றும் கேட்பதில்லை. வலி ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், நீடித்துவிட்டது. ஊசி போட்ட இரண்டு நாளுக்குள் அது தொடங்கியிருக்கவும் வேண்டும். நானோ, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல, பனி உருகினால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டு ஏப்ரலில்தான் மருத்துவரிடம் போனேன். அதற்குமுன் வலித்ததற்கு எந்தப் பதிவும் இல்லை.

தனியாக வாழ்கிறவள் நான். ஒரே சாட்சி மார்லிஸ்தான். ஊசி போட்ட மறுநாள் காலை, தேவாலயத்துக்குக் கூட்டிப்போக வந்தவள், கை பின்னால் போகாமல் நான் தவித்ததைப் பார்த்து உள்ளாடைக் கொக்கியை மாட்டிவிட்டாள். சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டும் இருந்தாள்.

நேற்று என் நஷ்டஈட்டு மனுவை நடத்தும் வக்கீல் அழைத்தார். வசந்தம் வரை நான் வலி என்றே சொன்னதில்லை, பனி அள்ளியதில் வந்திருக்கலாம் என்று மார்லிஸ் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம்.

நேரே கடைக்குப் போனேன். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நான் தப்பா குத்தினேன்னு என் வாயாலயே சொல்லணுமா, ஜோலீன்?"

"நீ எங்க குத்தினேன்னு யாருடி கேட்டா? எப்ப வலிச்சுதுன்னுதான் கேக்கறாங்க."

"ஊர்ல அப்படியா பேசுவாங்க? அடுத்த தடவ எங்கிட்ட கைய நீட்டுவாங்களா?"

"அன்னிக்குக் காலையில என் கொக்கிய மாட்டினது யாரு?"

மாத்திரைகளைப் புட்டியில் கொட்டி மூடினாள். "எனக்கு ஞாபகம் இல்ல."

காரில் உட்கார்ந்து வக்கீலை அழைத்தேன். அவள் பெயரை விட்டுவிட்டு என் வாக்குமூலத்தோடு மட்டும் போகலாம் என்றார் அவர்.

"வேணாம். அவளையே விசாரணைக்குக் கூப்பிடுங்க," என்றேன். "நானும் அங்க உக்காந்திருப்பேன். அந்தப் பொய்ய என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும்."