இரண்டரை இஞ்ச்

டெய்லரக்காவுக்கு டேப் எதற்கு என்று தெருவே கேலி செய்யும். வாசற்படி ஏறி வரும் பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பாள். "மார்பு இருபத்தாறு, இடுப்பு இருபத்திமூணு. சரியா இருக்கா பாரு" என்பாள். பேருக்கு டேப்பைச் சுற்றிப் பார்த்தால் கால் இஞ்ச் பிசகாது. அப்பேர்ப்பட்ட கண். அந்தக் கண்தான் சொந்தப் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டது. கோட்டை விட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்தது, அளந்தது, அளவைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் குறித்தும் வைத்தது. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம். பக்கத்துப் பள்ளியின் சீருடை ஆர்டர் மொத்தமும் அந்த வருஷம் அவள் கைக்கு வந்திருந்தது. நூற்றெண்பது செட். முன்னறை முழுக்க நீலத்துணி மலையாகக் கிடந்தது. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேசை, ஒரு ஸ்டூல். மிஷின் ஒன்றில் அவள். இன்னொன்றின் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டிக்கொடுப்பவர் காஜாக்கா. நிஜப் பெயர் என்ன என்பது அவருக்கே மறந்திருக்கும். டெய்லரக்காவின் வீட்டுக்காரர் தூரப் பயணப் பஸ் ஓட்டுகிறவர். போனால் பத்து நாள், வந்தால் இரண்டு நாள். ஆக வீடும் வேலையும் பிள்ளையும் அவள் ஒருத்தி தலையில்தான்.

பிள்ளைக்கு ஏழு வயது. பிறந்தபோது சுண்டு விரல் அளவுக்கு இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப்பெயர் சுண்டு. அதுவே நிலைத்துவிட்டது.

ஒருநாள் பள்ளி விட்டு வந்த சுண்டு, ஸ்கர்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே படியேறினாள்.

"என்னடி, ஸ்கர்ட்டைத் தூக்கிக்கிட்டு வர்றே?"

"நழுவுதும்மா."

டெய்லரக்கா டேப்பைச் சுற்றினாள். பள்ளி திறந்தபோது இருபத்தொன்று வைத்துத் தைத்தது. இப்போது இருபது. "ஒரு இஞ்ச் தள்ளி வெட்டிட்டேன் போல" என்று தன்னையே நொந்துகொண்டு, அங்கேயே இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஐந்து நிமிஷ வேலை. அடுத்த வாரம் மறுபடி நழுவியது. மறுபடி டேப். பத்தொன்பது. மறுபடி பிடித்துத் தைத்தாள்.

காஜாக்கா ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார். "டெய்லரம்மா, பிள்ளை ரொம்ப இளைச்சிட்டா. கன்னமே காணோம். ஒரு எட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன்."

"உயரம் போடுற வயசு காஜாக்கா. இழுத்துவிட்ட மாதிரி வளருவாங்க, சதை தானா வத்தும். எத்தனை பிள்ளைங்களை அளந்திருக்கேன்!"

அதுதான் வினை. அவள் ஊர்ப்பட்ட பிள்ளைகளை அளந்தவள்தான். ஆனால் அந்தப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு முறை வருபவர்கள். மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை இடுப்புப் பிடித்துக் கொடுத்த பிள்ளை அவள் தொழிலிலேயே ஒன்றுதான். அதை அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமில்லை என்று பின்னால் சொன்னாள். நேரம் இருந்தது. இடுப்புப் பிடிக்க இரண்டு தடவை ஐந்தைந்து நிமிஷம் கிடைத்ததே!

இதற்கிடையில் வேறொரு கூத்து. மூன்று வயதிலேயே படுக்கையில் போவதை நிறுத்தியிருந்த பிள்ளை, திடீரென்று தினமும் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் பெட்ஷீட்டை அலசிப் போடுவது ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது. டெய்லரக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெக்கமா இல்ல உனக்கு? ரெண்டாங்கிளாஸ் படிக்கிறே!"

சுண்டு தலையாட்டினாள்.

தண்ணீர்தான் காரணம் என்று டெய்லரக்கா கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், பிள்ளை அப்படிக் குடித்தது. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் பாட்டில் காலி. வந்ததும் ஒரு சொம்பு, அது முடிந்ததும் இன்னொன்று. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போனாள். "சாயந்திரம் ஆறு மணிக்கு மேல ஒரு சொட்டு கிடையாது" என்று சட்டம் போட்டாள் அம்மா. குடத்தைத் தூக்கி மேல்தட்டில் வைத்தாள். இரண்டாம் நாள், குளியலறை வாளியில் கையை விட்டு அள்ளிக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். முதுகில் ஒன்று வைத்தாள்.

அதோடு விட்டாளா? சீருடை வாங்க வந்த தாய்மார்களிடம் இதை வேடிக்கையாக வேறு சொன்னாள். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, ஏழு வயசுல தொட்டில் பிள்ளையா ஆயிட்டா!" எல்லாரும் சிரித்தார்கள். கட்டிங் மேசைக்கு அடியில் உட்கார்ந்து துணித்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சுண்டு, சிரிப்பு அடங்கும் வரைக்கும் வெளியே வரவில்லை.

தெரிந்து எந்தத் தாயும் இப்படிச் செய்வாளா? மாட்டாள். தாகத்தில் தவிக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள்.

நழுவ ஆரம்பித்த மூன்றாவது வார இறுதியில் ஸ்கர்ட் மறுபடி நழுவியது. பதினெட்டரை. அன்றைக்குத் துணி ஒப்படைக்க நாலு நாள்தான் மிச்சம். "அசையாம நில்லுடி" என்று ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, ஊக்கு குத்தினாள். பிள்ளையால் நிற்க முடியவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, காலெல்லாம் வலிக்குதும்மா. தூக்கமா வருது."

"திங்கக்கிழமை டெஸ்ட்டுன்னா உனக்குக் காலும் வலிக்கும், தூக்கமும் வரும்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பைப் பிடித்துத் தைத்து முடித்தாள் டெய்லரக்கா.

திங்கட்கிழமை சுண்டு பள்ளிக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து வாந்தி. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொண்டாள். கண்டதையும் தின்றிருப்பாள், அஜீரணம் என்று முடிவுகட்டிய அம்மா, தெம்பு வரட்டும் என்று குளுக்கோஸ் பொடியை இரண்டு கரண்டி தாராளமாகப் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். பிள்ளை மடக்மடக்கென்று குடித்தது. பாவம், கேட்காமலே தண்ணீர் கிடைத்ததே என்று குடித்திருக்கும். அரைமணிக்கொரு தரம் கொடுத்தாள். வழியில் எங்கேயோ பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் போன் செய்தார்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்."

"நிறைய பேருக்கு வர்ற வாந்திதானேங்க. சாயந்திரம் வரைக்கும் பாத்துட்டுக் கூட்டிட்டுப் போறேன். நாப்பது செட்டுக்கு இன்னும் காலர் வைக்கல."

பதினோரு மணிக்குக் காஜாக்கா வந்தார். செருப்பைக் கழற்றியவர் பாயில் உட்காரவில்லை. நேராக உள்ளே போய்ப் பிள்ளையின் பக்கத்தில் குனிந்தார். மலையேறி வந்தவள் மாதிரிப் பிள்ளை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டாள்.

"பழம் ஏதாவது குடுத்தீங்களா? வாயில அழுகின பழ வாசனை அடிக்குது."

"பழமா? ஒண்ணும் குடுக்கலையே."

"மிஷினை நிறுத்துங்க" என்றார் காஜாக்கா. அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடிவந்த டெய்லரக்காவின் கழுத்தில் டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தெருமுனை டாக்டர் கண்டிப்பான மனுஷி. பிள்ளையின் மூச்சைப் பார்த்ததும் வரிசையில் இருந்தவர்களை ஒதுங்கச் சொன்னார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தார். மெஷின் எண் காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது.

"தண்ணி நிறைய குடிச்சாளா?"

"குடிச்சா டாக்டர்."

"படுக்கையில போனாளா?"

"போனா."

"உடம்பு இளைச்சிருக்கே. எத்தனை கிலோ குறைஞ்சிருக்கும்?"

"கிலோ தெரியாது டாக்டர். இடுப்பு இருபத்தொண்ணு இருந்தது. அப்புறம் இருபது, பத்தொன்பது. முந்தாநாள் பதினெட்டரை."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. "அளந்தீங்களா?"

"நான் டெய்லர் டாக்டர்."

டாக்டர் அந்த அளவுகளையும் சீட்டில் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, சுருக்கமாகச் சொன்னார். "சர்க்கரை நோய்ம்மா. சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும். கவனிக்காம விட்டதால ரத்தத்துல அமிலம் ஏறியிருக்கு. உயிருக்கு ஆபத்தான நிலைதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். இனிமே வாயில எதுவும் குடுக்காதீங்க."

குளுக்கோஸ் பொடி ஞாபகம் வந்தது அவளுக்கு. சொல்லாமல் மறைக்கத்தான் முதலில் தோன்றியது. ஆனாலும் சொன்னாள். எத்தனை டம்ளர் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. முதல் இரண்டு நாளும் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கவிட்டார்கள். பிள்ளையின் இரண்டு கையிலும் குழாய். டெய்லரக்கா உட்காரவும் இல்லை, அழவும் இல்லை. வருகிற போகிற நர்சுகளிடமெல்லாம் "பிழைச்சுப்பாளா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டாள். இரண்டாம் நாள் மதியம் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து சேர்ந்தார்.

"தண்ணியைத் தூக்கி மேல வெச்சேங்க" என்றாள் அவரைப் பார்த்ததும். "எம்பிள்ளை தண்ணிக்கு அலைஞ்சிருக்கு, நான் அடிச்சேன். வாளித் தண்ணியைக் குடிச்சதுக்கு அடிச்சேன்." அப்போதுதான் அழுகை வெடித்தது. அவர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எதற்கும் யாரும் தன்னைத் திட்டவில்லையே என்பதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

சுண்டு பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கண் திறந்து பேசினாள். பெரிய டாக்டர் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். "இந்த நோய் வந்தது உங்க தப்பு இல்ல. இனிப்பு தின்னதாலயும் வரல. நீங்க ஒரு மாசம் முன்னாடியே வந்திருந்தாலும் ஆயுசு முழுக்க இன்சுலின் ஊசி வேணும்தான்." அவள் மூச்சு விட்டாள். "ஆனா இந்த மூணு நாள் இருக்கே, இது வேண்டியிருந்திருக்காது. தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, திடீர்னு படுக்கையை நனைக்கிறது, இளைக்கிறது, சோர்வு. இதெல்லாம் சேர்ந்து வந்தா அன்னைக்கே ஒரு சொட்டு ரத்தம் பாத்திருக்கணும். ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷம். அவள் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் ஒரு நர்ஸ் வந்து ஊசி போடச் சொல்லிக்கொடுத்தாள். வயதில் சின்னவள், கலகலப்பானவள். டெய்லரக்கா இரண்டாவது தடவையே பிசகில்லாமல் போட்டாள். "அம்மா கை நடுங்கவே இல்லையே! இவ்வளவு சீக்கிரம் யாரும் கத்துக்கிட்டது இல்ல" என்று நர்ஸ் மெச்சினாள். டெய்லரக்காவுக்கு அந்த மெச்சலைக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது.

பிறகு நர்ஸ் கட்டிலில் சுண்டுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ உனக்கு ஒரு பாடம். ஊசி போட்டப்புறம் சில நேரம் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிடும். கை நடுங்கும், வேர்க்கும், தலை சுத்தும். அப்போ உடனே யார்கிட்டயாவது சொல்லணும். வீட்டுல இருக்கும்போது யார்கிட்ட சொல்லுவே?"

சுண்டு யோசித்தாள். "அப்பாகிட்ட."

"சமத்து! அப்பா வேலைக்குப் போயிருந்தா?"

"அப்பா வர்ற வரைக்கும் இருப்பேன்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் போனால் வரப் பத்து நாள் ஆகும் என்று அந்த நர்சுக்குத் தெரியாது. அவள் சிரித்தபடியே கேட்டாள்.

"அய்யோ, அவ்வளவு நேரமெல்லாம் இருக்கக் கூடாது கண்ணு. அம்மாதான் பக்கத்துலயே இருக்காங்களே?"

சுண்டு அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, நர்சிடம் மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்கு வேலை இருக்கும்."

டெய்லரக்கா கட்டிலருகே மண்டியிட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். நெஞ்சில் நிறைய இருந்தது, வாயில் வந்தது கொஞ்சம்தான். "இருக்காதுடி. உன்னைவிட எனக்கு எந்த வேலையும் கிடையாது. என்ன ஆனாலும் என்கிட்ட சொல்லணும். நான் திட்ட மாட்டேன். சொல்லுவியா?"

சுண்டு சரி என்று தலையாட்டினாள். திட்டு வாங்கும்போதும் அவள் இப்படித்தான் தலையாட்டுவாள்.